தண்ணீருக்கு ஃபோம் டம்பெல் வாங்குகிறீர்களா? சின்னதை எடுங்கள்

குளத்தில் நின்று உடற்பயிற்சி செய்ய உதவும் ஃபோம் டம்பெல், கடை அலமாரியில் இருக்கும்வரை ஆளை ஏமாற்றும். கையில் எடுத்தால் ஒரு ஜோடி ரப்பர் செருப்பின் கனம்கூட இருக்காது. 'இதைத் தூக்கி என்ன ஆகப்போகிறது' என்று சின்னதை வைத்துவிட்டு நடுவளவை எடுப்போம். அதுவும் காற்றாகத்தான் இருக்கும். கடைசியில் இருப்பதிலேயே பெரியதைக் கூடையில் போட்டுக் காசு கட்டிவிட்டு வருவோம். மார்பளவுத் தண்ணீரில் இறங்கிய ஐந்தாவது நிமிடம் தோள் இரண்டும் காதுப் பக்கம் ஏறிக்கொள்ளும், கால் தரையில் நிலைக்காது. பொருளில் குறை இல்லை. இரும்பு வாங்கும் கணக்கில் மிதவையை வாங்கியதுதான் கோளாறு.

இரும்பு டம்பெல் கீழே இழுக்கும், நாம் மேலே தூக்குவோம். ஃபோம் டம்பெல் மேலே இழுக்கும், நாம் கீழே அழுத்துவோம். அதனால் உழைக்கும் தசையும் மாறிவிடுகிறது. ஜிம்மில் முழங்கையை மடக்கிப் பளுவைத் தூக்கினால் புயத்தின் முன்தசைக்கு வேலை. அதே அசைவைத் தண்ணீரில் செய்தால் முன்தசைக்கு விடுமுறை. டம்பெல் தானே மேலே வந்துவிடும். கீழே அழுத்தும்போது புயத்தின் பின்தசை உழைக்கிறது. கையை நீட்டிவைத்து அழுத்தினால் முதுகின் இரு பக்கமும் விரிந்து கிடக்கும் பெரிய தசையும் சேர்ந்துகொள்கிறது. மேலே வரும்போதும் இதே தசைகள்தான், ஆனால் இப்போது பிரேக் பிடிக்கும் வேலை. பயிற்சியின் பாதிப் பலன் இந்தப் பிரேக்கில் இருக்கிறது. காயம் வருவதும் பிரேக் பிடிக்க முடியாமல் போகும்போதுதான். ஆகவே, கீழே அழுத்த முடிகிறதா என்று பார்த்து அளவைத் தேர்ந்தெடுக்காதீர்கள். உடம்பு எடையைச் சாய்த்தால் யாராலும் அழுத்த முடியும். மேலே வரும்போது அதை ஓட்டிவருவது நீங்களா, தண்ணீரா என்பதுதான் கேள்வி.

இனி அளவுக் கணக்கு. ஒரு பொருள் எத்தனை லிட்டர் தண்ணீரை விலக்குகிறதோ, ஏறக்குறைய அத்தனை கிலோ விசை அதை மேலே தள்ளும். அதிலிருந்து பொருளின் சொந்த எடையைக் கழித்தால் கைக்கு வரும் இழுப்பு கிடைக்கும். டம்பெலின் இரு முனையிலும் உள்ள வட்டுகள் 12 செ.மீ. விட்டமும் 5 செ.மீ. தடிப்பும் கொண்டவை என்றால், இரண்டும் சேர்ந்து 1.1 லிட்டர் தண்ணீரை விலக்கும். 15 செ.மீ. விட்டம், 6 செ.மீ. தடிப்பு என்றால் 2.1 லிட்டர். 18 செ.மீ. விட்டம், 8 செ.மீ. தடிப்பு என்றால் 4 லிட்டரைத் தாண்டும். கண்ணுக்கு விட்டம் ஒன்றரை மடங்குதான் கூடியிருக்கிறது, கைக்கோ சுமை மூன்றரை மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. கடையில் நின்று பார்த்தால் இது தெரியாது. பெட்டியின்மேல் சிறியது, நடுத்தரம், பெரியது என்று போட்டிருப்பதை நம்பவும் முடியாது. ஒரு நிறுவனத்தின் 'நடுத்தரம்' இன்னொன்றின் 'பெரியது' ஆக இருக்கும். அளவுநாடாவை எடுத்துப் போங்கள். விட்டத்தையும் தடிப்பையும் அளந்து, மேலே உள்ள மூன்றில் எதற்கு அருகில் இருக்கிறது என்று பாருங்கள். கடையில் வேறு எந்த ஆலோசனையும் தேவைப்படாது.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு வீட்டிலேயே ஒரு சோதனை உண்டு. ஆழமான வாளியில் முக்கால் அளவு தண்ணீர் பிடித்து, குளியலறைத் தராசின்மேல் வைத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். டம்பெலைச் செங்குத்தாகப் பிடித்து, தண்ணீர் வழியாமல், வாளியின் அடியைத் தொடாமல், முழுக்க முங்கும்வரை அழுத்துங்கள். தராசு எத்தனை கிலோ கூடுதலாகக் காட்டுகிறதோ அதுதான் மேல்நோக்கித் தள்ளும் விசை. டம்பெலின் எடையை அதிலிருந்து கழித்துவிடுங்கள். தண்ணீர் வழிந்தால் கணக்குக் கெடும், அதனால் முக்கால் வாளிக்கு மேல் வேண்டாம். கையும் கொஞ்சம் முங்கும் என்பதால் 100, 200 கிராம் கூடக் காட்டலாம், அதைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை.

இந்த எண்ணை உடம்போடு பொருத்திப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும். தொப்புள் அளவுத் தண்ணீரில் நிற்கும்போது காலுக்குக் கீழே உடம்பின் எடையில் பாதிதான் இறங்கும். மார்பளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. கழுத்தளவில் பத்தில் ஒரு பங்கு. 60 கிலோ எடையுள்ளவர் மார்பளவில் 20 கிலோவாக நிற்கிறார். பெரிய ஜோடியை ஒரே நேரத்தில் அழுத்தினால் ஏழு கிலோவுக்கு மேல் மேலே தூக்கும், மிச்சம் 13 கிலோ. வழுக்கும் ஓட்டுத்தரையில் 13 கிலோ அழுத்தத்தில் நின்றால் பாதம் நகரும், இடுப்பு வளையும், முதுகு பின்னால் சாயும். அதே ஆள் கழுத்தளவுக்குப் போனால் தரையில் அவருக்கு 6 கிலோதான். பெரிய ஜோடி அதைவிட அதிகமாகத் தூக்கும் என்பதால் கால் தரையை விட்டே எழும்பிவிடும். நீச்சல் தெரியாதவருக்கு அது விளையாட்டான விஷயம் இல்லை. நடுவளவு ஜோடி நான்கு கிலோவுக்குச் சற்றுக் குறைவாகவும், சிறிய ஜோடி இரண்டு கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாகவும் தூக்கும். மார்பளவில் நின்று பயிற்சியைத் தொடங்கும் எவருக்கும் சிறிய ஜோடி போதும். இரண்டு மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தவருக்கு நடுவளவு பொருந்தும். பெரியது பயிற்றுநர்களுக்கும், நல்ல உடல்வலு உள்ள நீச்சல்காரர்களுக்கும். 65 வயது அம்மாவுக்குப் பிறந்தநாள் பரிசாக அதை வாங்காதீர்கள்.

அளவுக்கு அடுத்தபடி கட்டுமானம். நல்ல டம்பெலின் வட்டு இவிஏ ஃபோம். அதன் காற்றறைகள் ஒவ்வொன்றும் மூடியிருப்பதால் தண்ணீர் உள்ளே போகாது. மலிவானவற்றில் இன்னும் மெத்தென்ற, திறந்த அறைகள் கொண்ட ஃபோமும் வருகிறது. அது மெல்ல மெல்லத் தண்ணீர் குடிக்கும். கண்டுபிடிக்கச் சமையலறைத் தராசு போதும். உலர்ந்த டம்பெலை நிறுத்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் பயிற்சி முடிந்ததும் நன்றாக உதறி, துண்டால் துடைத்து மறுபடியும் நிறுங்கள். 180 கிராம் 185 ஆனால் பரவாயில்லை, 230 ஆனால் ஃபோமோ கைப்பிடியோ தண்ணீர் குடிக்கிறது. கடையிலேயே பார்ப்பதானால் கட்டை விரல் நகத்தால் வட்டின் ஓரத்தை அழுத்தி விடுங்கள். பள்ளம் உடனே எழும்பிவிட வேண்டும். பள்ளம் அப்படியே நின்றால் பத்தே நாளில் வட்டின் ஓரம் நசுங்கிப்போகும்.

வட்டு ஒரே வார்ப்பாக இருக்கிறதா, இரண்டு மூன்று தகடுகளைப் பசையால் ஒட்டியிருக்கிறார்களா என்பதைப் பக்கவாட்டில் பாருங்கள். நிறம் நிறமாக அடுக்கடுக்காக இருப்பது அழகுதான், ஆனால் குளோரினும் வெயிலும் சேரும்போது முதலில் விட்டுக்கொடுப்பது அந்தப் பசைதான். ஓரத்தில் கோடு போல ஒரு பிளவு தொடங்கும். அதற்குள் தண்ணீர் நின்று கறுப்புப் பூஞ்சை பிடிக்கும். ஒற்றை வார்ப்பு வட்டுக்கு இரண்டு மூன்று சிங்கப்பூர் வெள்ளி கூடக் கொடுத்தாலும் தகும்.

கைப்பிடி பெரும்பாலும் பிளாஸ்டிக் குழாய், மேலே மெல்லிய ஃபோம் உறை, இரு முனையிலும் மூடி. டம்பெலின் ஆயுளைத் தீர்மானிப்பது இந்த மூடிகள். வெறும் பசையில் நிற்கும் மூடி கழன்றால் குழாய்க்குள் தண்ணீர் புகுந்து ஒவ்வோர் அசைவுக்கும் களக் களக்கென்று சத்தம் போடும். இரண்டு வட்டுகளையும் எதிரெதிர் திசையில் திருகிப் பாருங்கள். கொஞ்சம் சுழல்வதில் தவறில்லை, ஆனால் முன்னும் பின்னும் நழுவக் கூடாது. நழுவினால் பயிற்சி நடுவில் வட்டு கைவிரலை நோக்கி வந்து முட்டும். பிடியின் தடிப்பு 3 செ.மீ. அளவில் இருப்பது நல்லது. இதைவிட மெல்லிய பிடியை இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கும்; விரல் மூட்டு வீக்கம் உள்ளவர்களுக்கு அது ஆகாது. இரண்டு வட்டுகளுக்கும் இடையிலான இடைவெளி உங்கள் உள்ளங்கை அகலத்தைவிட இரண்டு விரற்கடை கூடுதலாக இருக்கட்டும். ஈரக் கையின் விரல்மூட்டு ஃபோமில் உராய்ந்தால் ஒரே வாரத்தில் தோல் உரியும். கையில் பிடித்துப் பார்க்காமல் இணையத்தில் வாங்குபவர்கள் கோட்டைவிடுவது இந்த இடைவெளியைத்தான்; படத்தில் அது தெரியவே தெரியாது.

வட்ட வடிவமா, அறுகோணமா என்று கேட்பவர்களும் உண்டு. தண்ணீருக்குள் பெரிய வித்தியாசம் இல்லை. கரையில் வைத்தால் வட்டம் உருண்டு குளத்துக்குள் போய்விடும், அறுகோணம் வைத்த இடத்தில் கிடக்கும். அவ்வளவுதான்.

விளையாட்டுப் பொருள் கடையான டெக்கத்லானிலும், நீச்சல் பொருள் நிறுவனமான ஸ்பீடோவிலும் தண்ணீர் டம்பெல் இருக்கிறது. லசாடா, ஷாப்பி போன்ற இணையக் கடைகளில் பெயரில்லாத ஜோடிகள் பத்துப் பதினைந்து வெள்ளிக்குக்கூடக் கிடைக்கின்றன. மலிவு என்பதற்காக ஒதுக்க வேண்டாம். விட்டம், தடிப்பு, பிடி இடைவெளி மூன்றும் செ.மீ. கணக்கில் எழுதப்பட்டிருந்தால் யோசிக்கலாம். 'உயர்தரம், அனைவருக்கும் ஏற்றது' என்று மட்டும் எழுதியிருந்தால் தாண்டிப் போங்கள். ஒன்று மட்டும் கவனியுங்கள், விலை ஒரு ஜோடிக்கா, ஒற்றைக்கா? படத்தில் இரண்டு இருக்கும், பொட்டலத்தில் ஒன்று வரும்.

பயன்படுத்தும் முறைக்கு வருவோம். நெஞ்செலும்பின் கீழ்முனை வரைக்கும் தண்ணீர் இருப்பது சரியான ஆழம். 1.55 மீட்டர் உயரமுள்ளவருக்கு அது ஏறக்குறைய 1.1 மீட்டர், 1.75 மீட்டர் உயரமுள்ளவருக்கு 1.25 மீட்டர். சிங்கப்பூரில் கொண்டோ எனப்படும் தனியார் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் குளங்கள் பல 1.2 மீட்டர் ஆழத்தில் இருப்பது இந்தப் பயிற்சிக்கு அமைந்துபோன வசதி. பொது நீச்சல் வளாகங்களில் பயிற்சிக் குளத்தின் ஆழமான பக்கமோ, பெரிய குளத்தின் ஆழம் குறைந்த முனையோ ஒத்துவரும். சுவரில் எழுதியிருக்கும் ஆழத்தைப் பார்த்துவிட்டு இறங்குங்கள். இடுப்பளவில் செய்தால் டம்பெல் முங்கப் போதிய ஆழம் இருக்காது, குனிந்து குனிந்து முதுகு வலி வரும்.

முதல் இரண்டு வாரம் டம்பெல் வேண்டாம். பணத்தைக் கொடுத்து வாங்கிவிட்டு வீட்டில் வைத்திருப்பதா என்று தோன்றும்தான். ஆனால் தண்ணீரே ஒரு தடைதான். வேகத்தை இரட்டிப்பாக்கினால் தடை நான்கு மடங்காகும். விரல்களைச் சேர்த்து உள்ளங்கையை விரித்துத் தள்ளினால் புதியவருக்கு அதுவே போதுமான சுமை. தோளை இறக்கி, வயிற்றை லேசாக உள்ளிழுத்து, முழங்காலைத் தளர்த்தி நிற்கும் நிலை இந்த இரண்டு வாரத்தில் பழகிவிடும். அதற்குப் பிறகு டம்பெலை எடுங்கள்.

முதலில் செய்ய வேண்டியது முழங்கை அழுத்தம். பாதங்களைத் தோளகலத்தில் வையுங்கள், ஒன்றைச் சற்று முன்னால் வைத்தால் இன்னும் பிடிமானம். முழங்கைகள் விலாவை ஒட்டியிருக்க, முன்னங்கை நீர்மட்டத்துக்கு இணையாக, டம்பெல் நீருக்குச் சற்றுக் கீழே. இரண்டு எண்ணிக்கையில் தொடையை நோக்கி அழுத்துங்கள், முழங்கையை முழுக்கப் பூட்டிவிடாதீர்கள். நான்கு எண்ணிக்கையில் மேலே வரவிடுங்கள். 8 முதல் 12 தடவை, இரண்டு சுற்று. மேலே வரும் நான்கு எண்ணிக்கையைக் காப்பாற்ற முடியாமல் இரண்டிலேயே டம்பெல் மேலே வந்துவிட்டால் ஜோடி உங்களுக்குப் பெரியது. வேறு எந்தச் சோதனையும் இவ்வளவு நேர்மையாகச் சொல்லாது.

அடுத்தது நீட்டிய கை அழுத்தம். கைகளைப் பக்கவாட்டில் விரித்து, முழங்கையைக் கொஞ்சம் தளர்த்தி, தொடையை நோக்கி அழுத்தி, மெதுவாக விட வேண்டும். டம்பெல் தோள்மட்டத்துக்கு வந்துவிடக் கூடாது, அதற்கு ஒரு சாண் கீழேயே நிறுத்துங்கள். காரணம் நெம்புகோல். முழங்கை அழுத்தத்தில் மூட்டுக்கும் டம்பெலுக்கும் ஒரு முன்னங்கை தூரம்தான். இதில் முழுக் கையின் நீளம், ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதே டம்பெல் தோளுக்கு இரண்டு மடங்காகக் கனக்கும். முதல் பயிற்சியில் சுகமாக இருந்த ஜோடி இதில் பெரியதாகப் போவது இதனால்தான். அப்படிப் போனால் ஒரு கைக்கு ஒன்றாக மாற்றி மாற்றிச் செய்யலாம், அல்லது டம்பெலைப் பாதி முங்கிய நிலையிலேயே முன்னும் பின்னும் ஓட்டலாம். வட்டு பாதிதான் முங்கியிருந்தால் மேலிழுப்பும் பாதிதான். புதிதாக இன்னொரு ஜோடி வாங்குவதைவிட இந்த உபாயம் மேல்.

நெஞ்சுத் தள்ளல் முற்றிலும் வேறு வகை. நீருக்குச் சற்றுக் கீழே டம்பெலைப் பிடித்து நேராக முன்னால் தள்ளி, அதே வேகத்தில் பின்னால் இழுக்க வேண்டும். இங்கே மேலிழுப்பைச் சமாளிப்பது தோளின் வேலை. தள்ளி இழுப்பதற்கு எதிராக நிற்பது தண்ணீரின் தடை. தடை என்பது வேகத்தைப் பொறுத்தது, அதனால் சுமையைக் கூட்ட டம்பெலை மாற்ற வேண்டாம், வேகத்தைக் கூட்டினால் போதும். தள்ளும்போது உடம்பு பின்னால் போவது இயல்பு. ஒரு காலைப் பின்னால் ஊன்றினால் நின்றுகொள்ளும்.

இடுப்பைத் திருப்பும் பயிற்சியில் இரண்டு டம்பெலையும் விலா உயரத்தில் உடம்புக்கு முன்னால் சேர்த்துப் பிடித்து, நெஞ்சும் கையும் ஒன்றாக இடமும் வலமும் திரும்ப வேண்டும். முழங்கால் திரும்பக் கூடாது. வேகம் வேண்டாம், தண்ணீர் சுழன்று உடம்பை இழுத்துக்கொண்டு போகும், நிறுத்தும்போதுதான் முதுகு பிடிக்கும். டிஸ்க் தொல்லை உள்ளவர்கள் இதை விட்டுவிடலாம்.

மொத்தம் 20 நிமிடம், வாரம் இரண்டு நாள். ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவில் டம்பெலை அக்குளில் செருகிக்கொண்டு விரல்களை விரித்து மடக்கிப் பத்து எண்ணுங்கள். ஃபோம் டம்பெலில் முதலில் களைப்பது புயம் இல்லை, பிடிதான். டம்பெல் மேலே பறந்துவிடுமோ என்ற பயத்தில் எல்லோரும் தேவைக்கு மேல் இறுக்குகிறார்கள். இறுக்கிப் பிடித்தபடி மூச்சையும் அடக்கினால் ரத்த அழுத்தம் ஏறும். அழுத்தும்போது மூச்சை விடுங்கள், மேலே வரும்போது இழுங்கள். மணிக்கட்டு பின்னால் வளையக் கூடாது. முன்னங்கையும் புறங்கையும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. ஆழத்தில் அழுத்திப் பிடித்திருக்கும்போது கை நழுவினால் டம்பெல் சும்மா மிதந்து வராது, துள்ளி வரும். நேர் மேலே முகவாய் இருந்தால் முகவாயில் அடிக்கும். அதனால் எந்தப் பயிற்சியிலும் தலை டம்பெலுக்கு நேர் மேலே குனியக் கூடாது. பக்கத்தில் நிற்பவருக்கும் ஒரு கை நீளம் இடம் விடுங்கள்.

ஆழமான பகுதியில் இரண்டு அக்குளிலும் டம்பெலைச் செருகித் தொங்கியபடி சைக்கிள் மிதிப்பதைப் பலர் செய்கிறார்கள். இதை ஒருபோதும் பரிந்துரைக்க முடியாது. உடம்பின் பாரம் அக்குளில் இறங்கினால் கைக்குப் போகும் நரம்புகள் நசுங்கி விரல் மரத்துப்போகும், தோள்மூட்டும் மேல்நோக்கி இடிபடும். ஆழத்தில் செய்வதானால் இடுப்பில் கட்டும் மிதவைப் பட்டை வாங்குங்கள், கை சும்மா இருக்கட்டும். டம்பெல் உயிர்காக்கும் மிதவை இல்லை என்பதைச் சொல்லாமல் விட முடியாது. கை விட்டால் அது போய்விடும். நீச்சல் தெரியாதவர் அதை நம்பி ஓரடிகூட ஆழத்துக்கு நகரக் கூடாது.

தோள் நழுவியவர்கள், தோள் தசைநாரில் கிழிசல் உள்ளவர்கள், அண்மையில் தோளிலோ மார்பிலோ அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் பிசியோதெரபிஸ்டைக் கேட்காமல் இதைத் தொடக் கூடாது. இதய நோய் உள்ளவர்களுக்குத் தண்ணீரில் நிற்பதே கணக்கில் வரும். மார்பளவுத் தண்ணீரின் அழுத்தம் காலில் உள்ள ரத்தத்தை நெஞ்சை நோக்கித் தள்ளும், இதயத்துக்கு வேலை கூடும். மருத்துவர் சரி என்ற பிறகே இறங்குங்கள். விரல்மூட்டு வலிக்காரர்களுக்கு டம்பெலைவிட விரலிடைச் சவ்வு வைத்த தண்ணீர்க் கையுறை நல்லது. பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை, கையை விரித்தால் சுமை, மூடினால் ஓய்வு.

சிங்கப்பூரில் இதைச் செய்யும் இடத்தைப் பற்றியும் கொஞ்சம். ஆக்டிவ்எஸ்ஜி எனப்படும் பொது நீச்சல் குளங்களுக்குச் சொந்த டம்பெல் எடுத்துப்போனால் இறங்கும் முன் உயிர்காப்பாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நீந்துவோருக்கான தடத்தில் நின்றுகொண்டு செய்தால் முறைப்பார்கள், முறைக்கவும் வேண்டும். சுவரோரமாக, ஏணியிலிருந்து தள்ளி நில்லுங்கள். பள்ளிப் பிள்ளைகளின் நீச்சல் வகுப்பு நடக்கும் நேரத்தில் பயிற்சிக் குளத்தில் டம்பெல் ஆட்ட இடமிருக்காது. ஒவ்வொரு வளாகமும் துப்புரவுக்காக வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நேரம் மூடும், கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். நண்பகல் வெயிலில் இங்கே புற ஊதாக்கதிர் உச்சத்தில் இருக்கும். காலை ஒன்பதுக்கு முன்போ, மாலை ஐந்துக்குப் பின்போ நல்லது. கூரையுள்ள குளம் வேண்டுமென்றால் செம்பவாங்கின் புக்கிட் கன்பராவில் இருக்கிறது. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழை அடிக்கடி வரும். மின்னல் எச்சரிக்கை கொடுத்தால் 'இன்னும் ஒரே சுற்று' என்று நிற்காமல் உடனே ஏறிவிட வேண்டும். தண்ணீரில் வியர்ப்பது தெரியாது. கரையில் ஒரு புட்டி குடிநீர் வைத்திருங்கள்.

சொந்தமாக வாங்கும் முன் முயன்று பார்க்க நினைப்பவர்களுக்குச் சமூக மன்றங்களிலும் நீச்சல் வளாகங்களிலும் நடக்கும் அக்குவா ஏரோபிக்ஸ் வகுப்பு நல்ல வழி. கருவி தருவார்களா என்று சேரும்போதே கேளுங்கள். தந்தால் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். வகுப்பில் எல்லோருக்கும் ஒரே அளவைக் கொடுப்பது வழக்கம். 45 கிலோ பாட்டிக்கும் 80 கிலோ இளைஞருக்கும் ஒரே ஜோடி என்றால் பாட்டி ஒற்றை டம்பெலை இரு கையாலும் பிடித்துச் செய்யட்டும். கேட்கக் கூச்சப்பட வேண்டாம், நல்ல பயிற்றுநர் தானே சொல்லிவிடுவார்.

பெரிய ஜோடியை வாங்க வேண்டாம் என்பதற்கு இன்னொரு சில்லறைக் காரணமும் உண்டு. 18 செ.மீ. வட்டுகள் நான்கு சாதாரண முதுகுப்பையில் அடங்காது. பெருவிரைவு ரயிலில் காலை நேரக் கூட்டத்தில் வலைப்பையில் தொங்கவிட்டுக்கொண்டு போனால் பக்கத்தில் நிற்பவர் தலையில் இடிக்கும். சிறிய ஜோடி துண்டோடு சேர்ந்து பைக்குள் போய்விடும்.

பராமரிப்பு எளிது, ஆனால் தவறாமல் செய்ய வேண்டும். குளத்துக் குழாயடியிலேயே நல்ல தண்ணீரில் கழுவி, வீட்டில் நிழலில் உலர்த்துங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் ஈரமாகப் பைக்குள் ஒரு நாள் கிடந்தால் கைப்பிடி உறைக்கும் குழாய்க்கும் நடுவில் பூஞ்சை வந்துவிடும். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (எச்டிபி) அடுக்குமாடி வீட்டில் ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் மாட்டுவதை நினைத்தும் பார்க்காதீர்கள். பன்னிரண்டாம் மாடியிலிருந்து விழுந்தால் ஃபோம் என்று யாரும் மன்னிக்க மாட்டார்கள். குளியலறைக் கொக்கியில் வலைப்பையோடு தொங்கவிடுவது போதும். வெயிலில் நிறுத்திய காரின் பின்பெட்டியில் வைக்கக் கூடாது. இவிஏ சூட்டில் சுருங்கும், வட்டு முறுக்கிக்கொண்டால் மறுபடி நேராகாது. மேலே கனமான எதையும் அடுக்காதீர்கள். சோப்பு வேண்டாம், பிளீச் வேண்டவே வேண்டாம்.

எப்போது தூக்கிப்போடுவது? வட்டின் மேற்பரப்பு மாவு போலக் கையில் ஒட்டினால், ஓரம் துண்டு துண்டாக உதிர்ந்தால், ஃபோமின் காலம் முடிந்தது. உதிரும் துண்டுகள் குளத்தின் வடிகட்டியில் போய் அடைக்கும், காப்பாளர் நிறுத்தச் சொல்லும் முன் நீங்களே நிறுத்திவிடுங்கள். முனை மூடி மட்டும் கழன்றிருந்தால் குழாயை இரண்டு நாள் உலரவைத்து, தண்ணீர் தாங்கும் சிலிக்கான் பசையால் ஒட்டி, ஒரு முழு நாள் விட்டுப் பயன்படுத்தலாம். ஒரு பக்கம் மட்டும் தண்ணீர் குடித்த ஜோடியை அப்படியே ஓட்டாதீர்கள்; இடக்கைக்கு ஒரு சுமை, வலக்கைக்கு ஒரு சுமை என்று ஆகிவிடும். ஒட்டிய பிறகும் வாளித் தராசுச் சோதனையை இரண்டுக்கும் தனித்தனியே செய்யுங்கள். 200 கிராமுக்கு மேல் வித்தியாசம் காட்டினால் புது ஜோடி வாங்குங்கள், அப்போதும் சின்னதையே.